புயலின் பின்னே போனவர்கள்

தமிழ்ப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் கடந்த பத்து ஆண்டுகளாக ஒரு சொல் நிலைகொள்ளாமல் அலைகிறது. மழைக்காலத்தில் முகநூலில் வானிலைக் குறிப்பு எழுதும் ஒருவரை ஒரு பத்திரிகை ‘வானிலை ஆர்வலர்’ என்கிறது. அதே நபரை மறுநாள் இன்னொரு பத்திரிகை ‘தனியார் வானிலை ஆய்வாளர்’ என்கிறது. மூன்றாவது ஒன்று, இரண்டிலும் சிக்காமல், அவருடைய பெயரை மாத்திரம் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. ஆர்வலருக்கும் ஆய்வாளருக்கும் இடையில் எழுத்தளவில் தூரம் அதிகமில்லை. ஆனால் படகை இறக்குவதா, கரையில் கட்டுவதா என்று யோசிக்கின்ற ஒருவனுக்கு அந்தத் தூரம் சிறியதன்று.

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் செய்தி சேகரித்தே என் தொழில்வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. எனவே ‘யாரை நிபுணர் என்று ஏற்பது?’ என்ற கேள்வி எனக்குப் புதிதன்று. வாரத்திற்கு ஒரு தடவையாவது ஏதோ ஒரு சட்டத்தரணி எழுந்து, சாட்சிக் கூண்டில் நிற்பவரின் தகைமையைக் கேள்விக்குட்படுத்துவதைக் கேட்டுப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த விடயத்தையும் பார்க்கிறேன்.

இந்தச் சச்சரவு மிகக் கூர்மையாக நடந்த இடம் அமெரிக்கா. அங்கே ‘புயல் துரத்துவோர்’ என்றொரு கூட்டம் உண்டு. துரத்துவது நம்முடைய வங்காள விரிகுடாப் புயலையன்று. நடுநிலத்துச் சமவெளிகளில் வசந்தகாலத்தில் எழும் இடிமேகங்களையும் அவற்றிலிருந்து தொங்கும் சுழல்காற்றையும். 1956ஆம் ஆண்டு, வட டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் நகரைத் தாக்கிய ஒரு புயலைப் பார்த்த டேவிட் ஹோட்லி என்ற மாணவர் அன்றிலிருந்து அவற்றின் பின்னால் போகத் தொடங்கினார். பிற்காலத்தில் அவருக்குச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தில் வரவுசெலவு சம்பந்தமான உத்தியோகம். வளிமண்டலவியல் அவருடைய தொழிலாக ஒருபோதும் இருக்கவில்லை. ஆயினும் 1977இல் இந்தக் கூட்டத்திற்கென ஒரு செய்தித்தாளைத் தொடங்கி நடத்தியவர் அவரே. மறுபுறத்தில், அரசாங்க ஆய்வுகூடத்தைச் சேர்ந்த நீல் வோர்ட் 1961இல் ஒக்லஹோமாவில் அறிவியல் நோக்கத்துடன் ஒரு புயலைப் பின்தொடர்ந்தார். 1973 மே மாதம் யூனியன் சிற்றி என்ற ஊரைத் தாக்கிய சுழல்காற்றைக் களத்தில் நின்றவர்கள் படம் பிடிக்க, டொப்ளர் ராடார் அதே நேரத்தில் அதன் உட்சுழற்சியைப் பதிவுசெய்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்ததில்தான், சுழல்காற்றுக்கு ராடாரில் தனி அடையாளம் ஒன்று உண்டென்பது தெரியவந்தது. அதாவது தொடக்கத்திலிருந்தே தொழிலாளரும் பொழுதுபோக்காளரும் ஒரே வீதியில் ஓடினார்கள்.

1996இல் ‘ருவிஸ்ரர்’ திரைப்படம் வந்தது. அதன்பின் வீதிகள் நிரம்பின. பழையவர்கள் முகம் சுளித்தார்கள். காலையில் தானே வரைபடம் பார்த்து, இன்று எந்த மாவட்டத்தில் மேகம் எழும் என்று கணித்து, முந்நூறு மைல் ஓடி அங்கே போய் நிற்பவன் தான் துரத்துபவன். கைபேசித் திரையில் பிறருடைய வாகனங்கள் கூடும் இடத்தைப் பார்த்துப் பின்னால் வருபவன் வெறும் வேடிக்கை பார்ப்பவன் என்றார்கள். காசு கட்டிச் சுற்றுலா வருபவனை என்ன சொல்வது? படத்தைத் தொலைக்காட்சிக்கு விற்பவனை? ஊரெல்லையில் நின்று, மேகத்தைப் பார்த்து, வானிலை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லும் தொண்டரை? (இவர்களுக்கு அங்கே வேறு பெயர் உண்டு, ‘கவனிப்போர்’ என்று தமிழில் சொல்லலாம். இவர்கள் ஓடுவதில்லை.) ஒவ்வொருவரும் தம் வாசலுக்கு வெளியே கோடு கிழித்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். 2013 மே 31ஆம் திகதி, ஒக்லஹோமாவின் எல் ரினோவில், இரண்டரை மைல் அகலத்துக்கு விரிந்த ஒரு சுழல்காற்று ரிம் சமாராஸ் என்பவரையும் அவருடைய மகனையும் அவர்களது சகாவையும் வாகனத்தோடு தூக்கி எறிந்து கொன்றது. சமாராசிடம் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை. சுழல்காற்றின் பாதையில் வைத்து அமுக்கத்தை அளக்கும் கருவிகளைத் தாமே அமைத்தவர் அவர். அவரை ‘ஆர்வலர்’ என்று எழுதுவதற்கு அன்று எந்தப் பத்திரிகையாளருக்கும் கை வந்திருக்காது.

நிற்க. இந்தக் கதையின் வேர் அமெரிக்கச் சமவெளியில் இல்லை. நமக்கு மிகப் பக்கத்தில், கல்கத்தாவில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னர் ஒரு சேணத் தொழிலாளியைச் சந்திக்க வேண்டும்.

1821 செப்ரெம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியை ஒரு புயல் கடந்தது. அதன்பின் அவ்வழியே பயணம் செய்த வில்லியம் ரெட்ஃபீல்ட், விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தார். ஓரிடத்தில் எல்லாம் ஒரு திசை நோக்கி விழுந்திருந்தன. சில பத்து மைல் தள்ளிப் போனால் நேரெதிர்த் திசை. அப்படியானால் காற்று நேராக வீசவில்லை, ஒரு பெரிய சக்கரமாகச் சுழன்றிருக்கிறது என்று அவர் எண்ணினார். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலைக் கற்றவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1848இல் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் முதலாவது தலைவராக அவரையே தெரிந்தார்கள்.

ரெட்ஃபீல்டின் கருத்தைக் கையிலெடுத்து விரித்தவர் வில்லியம் ரீட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். அவருடைய நூல் 1838இல் வெளியாயிற்று. அது கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் கைக்குக் கிடைத்தது.

பிடிங்டன் வணிகக் கப்பலோட்டியாக இருந்தவர். பின்னர் கரையேறி, கல்கத்தாவில் பொருளாதாரப் புவிச்சரிதவியல் நூதனசாலையின் காப்பாளரானார். கூடவே இன்னொரு பதவி: கடல் விபத்துக்களை விசாரிக்கும் கடற்றுறை விசாரணை மன்றத்தின் தலைவர். என்னைப் போன்ற நீதிமன்றச் செய்தியாளனுக்கு இந்த இடத்தில் காது நிமிர்கிறது. அவர் முன்னால் கப்பற் தலைவர்கள் வந்து நின்றார்கள். எந்நேரம் காற்றுத் திரும்பியது, பாரமானி எவ்வளவு இறங்கியது, பாயை எப்போது சுருட்டினாய் என்ற கேள்விகளுக்கு விடை சொன்னார்கள். கப்பல் நாட்குறிப்புகள் அவருடைய மேசையில் குவிந்தன. ஒரே புயலில் அகப்பட்ட பத்துக் கப்பல்களின் குறிப்புகளை ஒரே வரைபடத்தில் இட்டு, புயலின் நடு எங்கே இருந்தது, எந்த வழியே நகர்ந்தது என்று கண்டுபிடித்தார். வங்காள ஆசிய சங்கத்தின் சஞ்சிகையில் 1839 முதல் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். 1848இல் மாலுமிகளுக்கான கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். விலங்குக் கொம்பைத் தகடாகச் சீவிச் செய்த ஒளிபுகும் அட்டை அதோடு வந்தது. அதில் காற்றின் சுழல் வரையப்பட்டிருக்கும், கடல் வரைபடத்தின் மேல் வைத்தால், ‘இப்போது எனக்குக் காற்று இந்தத் திசை, ஆகவே புயலின் கண் அந்தப் பக்கம்’ என்று எழுத்தறிவு குறைந்த மாலுமியும் அறியலாம். இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘சைக்ளோன்’ என்ற சொல் அவர் இட்டதுதான். சுருண்டு கிடக்கும் பாம்பை மனதில் வைத்துக் கிரேக்கத்திலிருந்து எடுத்தார்.

அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சார்ள்ஸ் ஹெடில்’ என்ற சிறு கப்பலின் கதை. 1845 பெப்ரவரியில் மொறீசியசிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல் புயலில் அகப்பட்டு, பாய்களை இழந்து, ஏறத்தாழ ஐந்து நாட்கள் புயலின் நடுவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் நாட்குறிப்பை வைத்து பிடிங்டன் பாதையை வரைந்தபோது, வட்டத்தின் மேல் வட்டமாக ஒரு சுருள்வில் கிடைத்தது. ரெட்ஃபீல்ட் விழுந்த மரங்களைக் கொண்டு ஊகித்ததற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை. புயலைத் துரத்த யாரும் அந்தக் கப்பலை அனுப்பவில்லை. ஆனாலும் தன் கப்பல் சிதைந்துகொண்டிருந்தபோதும் மணிக்கொரு தடவை காற்றின் திசையை எழுதிவைத்த அந்தத் தலைவனை நான் துரத்துவோர் பட்டியலில் சேர்ப்பேன். பிடிங்டனையும் சேர்ப்பேன், அவர் மேசையை விட்டு எழுந்ததில்லை என்றபோதிலும்.

அவருடைய சொல் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹூக்ளி ஆற்றில் மணல் சேர்கிறது, கல்கத்தாவுக்கு மாற்றாக மட்லா ஆற்றங்கரையில் ஒரு துறைமுகம் கட்டலாம் என்று கொம்பனி அரசாங்கம் யோசித்தது. 1853இல் பிடிங்டன் தேசாதிபதி டல்ஹௌசி பிரபுவுக்குப் பகிரங்கமாகவே எழுதினார்: அந்த இடம் கடலுக்கு மிகக் கிட்டியது, என்றாவது ஒருநாள் புயலோடு எழும் பேரலை வந்து அதை மூழ்கடிக்கும். எழுதியவர் துறைமுகப் பொறியியலாளரல்லர். ஒரு நூதனசாலைக் காப்பாளர். துறைமுகம் கட்டப்பட்டு, ‘கனிங்’ என்று பெயரும் சூட்டப்பட்டது. 1867 நவம்பர் முதலாம் திகதி புயல் வந்தது, அலையும் வந்தது. துறைமுகம் எழவேயில்லை. பிடிங்டன் 1858லேயே காலமாகிவிட்டார்.

அதிகாரம் யாரிடம், அறிவு யாரிடம் என்ற பிணக்கு இதைவிடக் கொடூரமாக வெளிப்பட்டது 1900இல். ஹவானாவின் பெலன் கல்லூரியில் யேசுசபைத் துறவி பெனிற்றோ வின்யேஸ், மேகக் கீற்றுகள் விரியும் திசையைப் பார்த்தே புயலின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தவர். 1875இலேயே முன்கூட்டி எச்சரிக்கை வெளியிட்டவர். அவருக்குப் பின்வந்தோரும் அதைத் தொடர்ந்தார்கள். அப்போது கியூபா அமெரிக்க இராணுவத்தின் பிடியில் இருந்தது. கியூபாக்காரர்கள் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று அமெரிக்க வானிலைப் பணியகத்துக்கு மனக்குறை. ஓகஸ்ட் மாத இறுதியில், வானிலை பற்றிய கியூபாத் தந்திகள் தடுக்கப்பட்டன. செப்ரெம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் தீவைக் கடந்தது. அது மேற்கே வளைகுடாவுக்குள் போகிறது என்று ஹவானா நினைத்தது. வடக்கே திரும்பிவிடும் என்று வாஷிங்டன் சொன்னது. செப்ரெம்பர் 8ஆம் திகதி ரெக்சாஸின் கல்வெஸ்ரன் நகரைக் கடல் மூடியது. இறந்தவர்கள் ஆகக் குறைந்தது ஆறாயிரம் பேர்.

எங்கள் கரைக்கு வருவோம். இங்கே புயலின் குறியைப் பார்ப்பதில் முதலுரிமை மீனவனுக்கு. சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டு, எந்த மாதத்தில் எது நிற்கும், எது திரும்பும் என்று தலைமுறைக் கணக்கில் வைத்திருப்பவன் அவன். ஆனால் அவனுடைய கணக்கு வழமையான காற்றுக்கானது. 2017 நவம்பர் இறுதியில் ‘ஒக்கி’ இலங்கையின் தெற்கே உருவாகி ஒரு நாளுக்குள் புயலாக உரம்பெற்றபோது, கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் பலர் ஏற்கெனவே நாட்கணக்கில் கடலுக்குள் போயிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. 2013 ஜூன் மாதம் எங்கள் தென்மேற்குக் கரையிலும் ஏறத்தாழ ஐம்பது மீனவர் ஒரே இரவில் மாண்டார்கள்; எச்சரிக்கை வந்ததா, வந்தது போதுமா என்ற வாதம் அப்போதும் நடந்தது.

இங்கே அரச அமைப்பு நீண்ட வரலாறு உடையது. கொழும்பு வானாய்வு நிலையம் 1907இல் அமைக்கப்பட்டது. 1948இல் அது தனித் திணைக்களமாயிற்று. பன்னெடுங்காலம் வானிலையைச் சொல்ல வேறு யாரும் இருக்கவில்லை, சோதிடரைத் தவிர. நிலைமையை மாற்றியது தரவு வெளியே வந்ததுதான். இந்திய வானிலைத் துறையின் சென்னை, காரைக்கால் ராடார்ப் படங்கள் எவரும் பார்க்கும்படி வெளியாகின்றன. அமெரிக்காவின் உலகளாவிய கணினி மாதிரி நாளொன்றுக்கு நான்கு தடவை ஓடி, இலவசமாகக் கிடைக்கிறது. செய்மதிப் படங்களும் அப்படியே. பிடிங்டனுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தவை இன்று ஒரு மாணவனுக்கு இரவு பத்து மணிக்குப் படுக்கையிலேயே கிடைக்கின்றன.

தமிழகத்தில் இதன் பயனாக எழுந்தவர்களில் பிரதீப் ஜான் முதலாமவர் என்றே பலரும் அறிவர். நகர உட்கட்டமைப்பு நிதி நிறுவனம் ஒன்றில் உத்தியோகம். 1996 ஜூனில் சென்னையில் விடாது பெய்த மழையே தம்மை இழுத்தது என்று சொல்லியிருக்கிறார். 2015 டிசெம்பர் முதலாம் திகதியை ஒட்டிய இருபத்துநான்கு மணித்தியாலத்தில் தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர் மழை கொட்டிய அந்த நாட்களில், ஊர் முழுவதும் அவருடைய குறிப்புக்காகக் காத்திருந்தது. உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு வானிலைத் துறையைப் பாருங்கள் என்று அவரே எழுதுவதுண்டு. மன்னார்குடிப் பகுதி ஆசிரியர் செல்வகுமார், நெல் அறுக்கலாமா, காயப்போடலாமா என்று டெல்ரா விவசாயி கேட்கும் மொழியிலேயே பதில் சொல்பவர். இவர்களைப் பார்த்து இன்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அவர்களில் சிலர், பதினைந்து நாளுக்கு அப்பால் கணினி மாதிரி போடும் ஏதோவொரு சுழியைச் சிவப்பு வட்டமிட்டு, ‘பயங்கரப் புயல்’ என்று தலைப்பிட்டுப் பார்வையாளர் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்கிறவர்கள். அத்தனை தொலைவில் மாதிரி சொல்வது நம்பத்தக்கதன்று என்பதை அறிந்தும் செய்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

2024 நவம்பர் இறுதியில் ‘பெங்கல்’ வந்தபோது இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிந்தது. மணிக்கு 62 கிலோமீற்றர் காற்றைத் தொட்டால்தான் அது வானிலைத் துறையின் கணக்கில் புயல். ஆழ்ந்த தாழமுக்கம் நாட்கணக்கில் அந்த வரம்பின் கீழேயே தயங்கியது. புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், 29ஆம் திகதி ஆகிவிட்டது. பெயர் வருமா வராதா என்று ஆர்வலர் கூட்டம் பந்தயம் கட்டாத குறையாக வாதாடிக்கொண்டிருக்க, பெயர் பெறுவதற்கு முன்னரே அது இலங்கையின் கிழக்கையும் வடக்கையும் நீரில் மூழ்கடித்துவிட்டுத்தான் போயிருந்தது.

ஈழத்தில் இந்தப் பணியைச் செய்பவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா. நாளும் நேரமும் இட்டு, எந்த மாகாணத்தில் எப்போது, எவ்வளவு என்று எழுதுகிறார். எழுதுவது தமிழில். இதை ஏதோ மொழிப்பற்றின் காரணமாகக் குறிப்பிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ கிழக்குக் கரையால் ஏறித் தீவை ஊடறுத்துச் சென்றது. மலைநாட்டில் மண்சரிவு, களனி கங்கை பெருகிக் கொழும்பின் புறநகர்களில் வெள்ளம். இறந்தோர் அறுநூறுக்கும் மேல். அந்த நாட்களில் அரச எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் அரைகுறையாகவும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் மண்ணுக்குக் கீழ்ப்போன லயன்களில் வாழ்ந்தவர்கள் எந்த மொழிக்காரர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டித்வா வந்த வேளையில் நாட்டில் இயங்கும் டொப்ளர் ராடார் ஒன்றுகூட இருக்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் நவம்பர் நடுப்பகுதியிலேயே தொலைக்காட்சியில் சொன்னது எச்சரிக்கையா, பொதுவான கருத்தா என்ற விவாதம் பாராளுமன்றம் வரை போயிற்று. திணைக்களமே சொன்னாலும் கேட்க ஆளில்லை என்றால், ஆர்வலரா ஆய்வாளரா என்ற வாதம் வேறு வடிவம் பெறுகிறது.

பல்கலைக்கழக ஆசிரியரையும் நிதி நிறுவன உத்தியோகத்தரையும் சிவப்பு வட்டக்காரரையும் ஒரே சொல்லால் அழைப்பது நியாயமா? நியாயமில்லை. பட்டத்தைக் கொண்டு பிரிக்கலாமா? ரெட்ஃபீல்டும் பிடிங்டனும் சமாராசும் வெளியே போய்விடுவார்கள். புதுக்கடையில் இதற்கொரு பழைய வழி இருக்கிறது. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. அதன் 45ஆம் பிரிவு, ஒரு துறையில் விசேட திறன் உடையவரின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. பட்டம் என்ற சொல் அங்கே இல்லை. கையெழுத்து, பொறியியல், மருத்துவம் என்று எத்தனையோ துறைகளில், அனுபவத்தையே தகைமையாகக் காட்டியவர்கள் கூண்டில் ஏறியிருக்கிறார்கள். ஆனால் செய்தியாளர்கள் பெரும்பாலும் கவனிக்காது விடும் 51ஆம் பிரிவு ஒன்று உண்டு: உயிரோடிருக்கும் ஒருவரின் அபிப்பிராயம் ஏற்கத்தக்கதாயின், அந்த அபிப்பிராயத்துக்கான அடிப்படையும் ஏற்கத்தக்கது. குறுக்கு விசாரணையில் பெரிய பெரிய நிபுணர்கள் விழுந்ததை நான் பார்த்தது 45இல் அல்ல, இந்த 51இல்தான். ‘எதைக் கொண்டு சொல்கிறீர்?’ என்ற கேள்விக்கு ‘எனக்குத் தெரியும்’ என்று விடை சொன்னவர்கள் கூண்டை விட்டு இறங்கும்போது முகம் கறுத்திருக்கும்.

வானிலைக்காரருக்கும் அதையே கேட்பேன். எந்த மாதிரி, எந்த ராடார், எத்தனை மணிக்குப் பார்த்தது என்று சொல்கிறாரா? புயல் போனபின் வந்து, நான் சொன்னது இது, நடந்தது இது என்று எழுதுகிறாரா? பிழைத்ததை அழிக்காமல் விடுகிறாரா? இவற்றைச் செய்பவரை ஆய்வாளர் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. அவர் பகலில் எந்த உத்தியோகம் பார்த்தாலும் சரி. செய்யாதவர் திணைக்களத்துக் கதிரையில் இருந்தாலும் அவருக்கு நான் கொடுப்பது பதவிப் பெயரை மாத்திரமே.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பிடிங்டன் வாசித்த கப்பற் குறிப்புகள் தாளில் இருந்தன. அவற்றைக் கொண்டு அவர் எழுதிய கட்டுரைகளை இன்றும் நூலகத்தில் எடுத்துப் பார்க்கலாம். திணைக்களத்தின் அறிவித்தல்களும் எங்கோ கோப்பில் இருக்கும். 2025 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் மணிக்கு மணி எழுதப்பட்டவை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கணினிகளில் கிடக்கின்றன. யார் எப்போது என்ன சொன்னார் என்று நாளை ஒரு விசாரணை ஆணைக்குழு கேட்டால், சாட்சியாக வைக்க அவற்றின் பிரதி நாட்டின் சுவடிக்கூடத்தில் இருக்க வேண்டும். பத்திரிகைகளைச் சட்டப்படி வாங்கிச் சேர்க்கும் அந்தத் திணைக்களம் இதையும் சேர்க்கலாம். டித்வாவை ஒட்டிய இரண்டு வாரங்களிலிருந்து தொடங்கினாலே போதும்.